உதைபந்து மானேஜரின் நீக்கமும் அபிமானிகளின் மனமும்

இங்கிலாந்து தேசத்து உதைபந்துப் பந்தயங்களின் முடிவுகளை நம் விடுதி மாணாக்கருட் சிலர் பாடங்களினும் கருத்தாய்ப் படித்து வைத்திருக்கின்றனர். இன்ன கழகம் இத்தனை கோல் போட்டது, இன்னார் முழங்காலிற் காயமுற்றார் என்பனவெல்லாம் அவர்க்கு மனப்பாடம். ஆயினும், பெரியதொரு கழகம் தன் மானேஜரை நீக்கிவிட்டது என்னுஞ் செய்தி வருங்கால், அக்கழகத்தின் அபிமானிகளுள் ஒரு சாரார் கண்ணீர் வடிப்பதும், மற்றொரு சாரார் பெருமூச்செறிந்து ஆறுதலடைவதும், சில வேளைகளில் ஒரே மனிதர் ஒரு வாரத்திற்குள் இவ்விரண்டையுஞ் செய்வதும் ஏன் என்று வினவினால், அவர்கள் நிலையற்ற மனத்தினர் என்னும் விடையே பெரும்பாலும் வருகின்றது. அவ்விடை பொருந்தாது என்பது நம் கருத்து. அதனை விளக்குதற்கு, 2017-ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரில் நிகழ்ந்ததொன்றைச் சற்று விரித்துக் கூறப் புகுகின்றோம்.

மானேஜர் என்னுஞ் சொல்லை நாம் ஆலை மானேஜர், பாங்கி மானேஜர் என்னும் பொருளில் வழங்கி வருகின்றோம். ஆங்கில உதைபந்தில் அது வேறொரு பொருளுடையது. களத்தில் இறங்கும் பதினொருவர் யாவர், எவரை முன்னணியில் நிறுத்துவது, எவரைப் பின்னணியிற் காவலுக்கு வைப்பது, ஆட்டத்தின் நடுவே எவரை அழைத்துக்கொண்டு எவரை அனுப்புவது என்பன யாவும் அவர் பொறுப்பே. புதிய ஆட்டக்காரரை விலைக்கு வாங்குவதிலும் அவர் சொல்லுக்கு இடமுண்டு. பந்தினைத் தாம் ஒருமுறையேனும் தொடாமல், வெற்றிக்கும் தோல்விக்கும் விடை கூற வேண்டிய விந்தையான உத்தியோகம் அது. தோல்வி அடுத்தடுத்து வருமாயின், இருபத்தைந்து ஆட்டக்காரரையும் பருவத்தின் நடுவில் மாற்றிவிட இயலாது. ஆட்டக்காரரை வாங்கவும் விற்கவும் கோடையிலும் ஜனவரி மாதத்திலும் மட்டுமே விதிகள் இடந்தருகின்றன. மானேஜர் ஒருவரை மாற்றுதலோ எந்நாளும் இயலும். நீக்கத்திற்குச் சொல்லப்படும் காரணங்கள் ஆயிரமாயினும், அவற்றுள் மிக எளியது இதுவே.

இன்னுமொரு செய்தியை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பிரீமியர் லீக் எனப்படும் முதற் பிரிவில் 20 கழகங்கள் உள. ஒவ்வொன்றும் 38 ஆட்டம் ஆடும். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. பருவ முடிவில் அடியிலுள்ள மூன்று கழகங்களும் இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்படும். இத்தள்ளுதல் மானக்குறைவு மாத்திரமன்று. 2016-17 பருவத்தில் முதற் பிரிவில் இருபதாம் இடத்தில் நின்ற கழகத்திற்கே, தொலைக்காட்சி முதலியவற்றின் பங்காக 9 கோடி பவுனுக்கு மேல் கிடைத்தது. கீழே விழுந்தால் அவ்வருவாயிற் பெரும்பகுதி சில ஆண்டுகளில் அற்றுப்போம். நல்ல ஆட்டக்காரர் விலகுவர். கழகத்தின் ஊழியர் பலர் வேலையிழப்பர்.

லெஸ்டர் நகரத்தார் இவ்வச்சத்தை நூலிற் படித்து அறிந்தவரல்லர். 1884-ஆம் ஆண்டிற் பிறந்த அவர்கள் கழகம் 2002-ஆம் ஆண்டிற் கடன் அடைக்க வழியின்றி நொடித்தது. அவ்வூரிற் பிறந்து அக்கழகத்தில் ஆடி உலகப் புகழ் பெற்ற கேரி லினேக்கர் முன்னின்று, பொருளுடையாரைத் திரட்டி அதனைக் காப்பாற்றினார். 2008-ஆம் ஆண்டில் அது தன் வரலாற்றிலேயே முதன்முறையாக மூன்றாம் பிரிவுக்கு இறங்கியது. 2010-ஆம் ஆண்டில் தாய்லாந்து தேசத்து வணிகராகிய விச்சை ஸ்ரீவத்தனபிரபா என்பார் அதனை வாங்கினார். 2014-இல் அது மீண்டும் முதற் பிரிவை எட்டியது. அடுத்த பருவத்தில் நான்கு மாதங்களுக்கு மேலாக அட்டவணையின் அடியிற் கிடந்து, இறுதி ஒன்பது ஆட்டங்களில் ஏழினை வென்று தப்பியது.

அவ்வமயத்தில், அதாவது 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், கிளாடியோ ரானியேரி என்னும் இத்தாலியர் மானேஜராக அமர்த்தப்பட்டார். அப்பொழுது அவர்க்கு வயது 63. பல தேசங்களிற் பெரிய கழகங்களை நடத்தியவராயினும், எத்தேசத்திலும் முதற் பிரிவுப் பட்டத்தை வென்றவரல்லர். அதற்கு முன்னே கிரேக்க தேசத்து அணியை நடத்தியபொழுது, பாரோ தீவுகள் என்னும் மிகச் சிறிய நாட்டிடம் சொந்த மண்ணிலே தோற்று வேலையிழந்தவர். ஆதலின், அவர் நியமனத்தைக் கேட்ட லெஸ்டர் அபிமானிகள் மகிழ்ந்தாரல்லர். லினேக்கரே தமது ஐயத்தை வெளிப்படையாகத் தெரிவித்தார். பந்தயத்தரகர்கள், லெஸ்டர் பட்டம் வெல்லும் என்று ஒரு பவுன் கட்டுவார்க்கு 5000 பவுன் தருவதாகக் கூறினர். நடவாதென்ற உறுதியாற் கூறியதே அது.

நடந்தது. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே சிறு கழகங்களில் ஆடி வந்த ஜேமி வார்டியும், ஐந்து லட்சம் பவுனுக்குங் குறைந்த விலையில் பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து வாங்கப்பட்ட ரியாத் மாரெசும், களைப்பென்பதறியாத காண்டேயும் சேர்ந்து, பெருஞ்செல்வக் கழகங்களையெல்லாம் பின்னே தள்ளினர். 2016-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, இரண்டாம் இடத்திலிருந்த டாட்டன்ஹாம் கழகம் செல்சியோடு சமநிலையில் முடிக்கவே, 132 ஆண்டுகளில் முதன்முறையாகப் பட்டம் லெஸ்டருக்கு உரியதாயிற்று. பருவ முடிவில் 81 புள்ளிகள். அடுத்து நின்ற ஆர்செனலினும் பத்து மிகுதி. அவ்வெற்றியிலும் மிகுதியாக ஜனங்கள் விரும்பியது மானேஜரின் குணம் என்றே கூறலாம். பயிற்சியில் எவரேனும் கவனம் பிசகினால், கையில் இல்லாத மணியொன்றை ஆட்டுவார் போல் வாயால் ஓசை செய்து எழுப்புவாராம். கோல் வாங்காமல் ஓராட்டத்தை முடித்தால் பிட்சா வாங்கித் தருவதாக வாக்களித்து, முடித்தபின், உழைத்தே உண்க என்று அவர்களையே பிசைந்து சுடச் செய்தார். அதட்டும் தலைவரைக் கண்டு பழகிய உலகிற்கு இப்பெரியவர் வேறொரு வகையினராய்த் தோன்றினார்.

அடுத்த பருவமோ வேறாயிற்று. காண்டே செல்சிக்கு விற்கப்பட்டார். எதிரிகள் லெஸ்டரின் ஆட்டமுறையை அறிந்துகொண்டனர். 2017 ஜனவரி 9-ஆம் தேதி உலக உதைபந்துச் சம்மேளனம் ரானியேரிக்கு அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதை வழங்கிற்று. அவ்விருதைப் பெற்ற பின்னர் அவருடைய அணி லீக் ஆட்டத்தில் ஒரு கோலும் போடவில்லை. ஐந்து தோல்விகள் தொடர்ந்தன. கோப்பைப் பந்தயத்தில், மூன்றாம் பிரிவைச் சேர்ந்த மில்வால் கழகம் ஓர் ஆட்டக்காரரை இழந்து பத்துப் பேரோடு ஆடியே லெஸ்டரை வென்றது. 25 ஆட்டங்களில் 21 புள்ளிகளே, பதினேழாம் இடம், தள்ளப்படும் இடத்திற்கு ஒரு புள்ளியே மேல். பட்டம் வென்ற கழகம் மறு பருவத்திலேயே கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது இங்கிலாந்தில் ஒரே ஒரு முறை, 1938-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் சிட்டிக்கு நேர்ந்தது. (அப்பருவத்தில் மிகுதியான கோல்களைப் போட்டதும் அக்கழகமே என்பது அதனினும் விந்தை.) அவ்வவமானம் இரண்டாமுறையாகத் தம் தலையில் விழுமோ என்று லெஸ்டர் நடுங்கியது.

பிப்ரவரி 7-ஆம் தேதி, மானேஜருக்குத் தம் ஆதரவு அசையாதது எனக் கழகத்தார் அறிக்கை வெளியிட்டனர். இத்தகைய அறிக்கை வந்தவுடனே அபிமானிகள் கலங்குவது வழக்கம். அசையாத தூணுக்கு முட்டுக்கொடுப்பாரில்லையன்றோ? பிப்ரவரி 22-ஆம் தேதி சாம்பியன்ஸ் லீக் பந்தயத்தில் செவில்லா நகரில் 2-1 என லெஸ்டர் தோற்றது. வார்டி போட்ட கோலினால் இரண்டாம் ஆட்டத்திற்கு நம்பிக்கை எஞ்சியிருந்தது. மறுநாள் மாலை ரானியேரி நீக்கப்பட்டார். பட்டம் வென்று ஒன்பது மாதங்கள் நிறைந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தனிப்பட்ட அன்பு எத்துணை ஆழ்ந்ததாயினும், கழகத்தின் நெடுநாள் நன்மையை அதற்கு மேலாக வைக்கக் கடமைப்பட்டுள்ளோம் என்பது உரிமையாளர் தரப்பின் விளக்கம். பட்டம் வென்றபின் தாம் விரும்பிய லெஸ்டரிலேயே என்றும் இருக்கக் கனாக் கண்டதாகவும், அக்கனவு மடிந்ததாகவும் ரானியேரி எழுதினார்.

செய்தி கேட்ட லினேக்கர், முன்னே ஐயுற்ற அதே மனிதர், தாம் கண்ணீர் விட்டதாகக் கூறினார். மறுநாள் மான்செஸ்டர் யுனைடெட்டின் மானேஜராயிருந்த மொரீஞ்ஞோ, ரானியேரியின் பெயரின் முதலெழுத்துக்களைத் தம் சட்டையிற் பொறித்துக்கொண்டு செய்தியாளர் முன் வந்தார். இதிலொரு விசித்திரமுண்டு. 2004-ஆம் ஆண்டிற் செல்சிக் கழகம் ரானியேரியை நீக்கி, அவ்விடத்தில் அமர்த்தியது இம்மொரீஞ்ஞோவையே. 2015 டிசம்பரில் மொரீஞ்ஞோ இரண்டாமுறை செல்சியிலிருந்து நீக்கப்பட்டதற்கு முந்திய கடைசி ஆட்டமோ, ரானியேரியின் லெஸ்டரிடம் தோற்ற ஆட்டம். இத்தொழிலில் ஒருவர் நாற்காலியை ஒருவர் கவிழ்ப்பதும், பின்னர் அவர்க்காகத் துக்கங் கொண்டாடுவதும் புதுமையல்ல.

அபிமானிகளிடைப் பிளவு தோன்றிற்று. ஒரு பகுதியார் கூறியதன் சாரம் இது: இம்மனிதர் நமக்குத் தந்தது நம் பாட்டனாரும் கண்டிராதது, இரண்டாம் பிரிவுக்கு இறங்கினும் அவரோடு இறங்குதலே தகுதி, நன்றி மறந்து நிலைபெறுதலில் என்ன சிறப்புண்டு? மற்றப் பகுதியார் கூறியதன் சாரம்: நன்றி நெஞ்சில் இருக்கின்றது; அட்டவணையில் அதற்குப் புள்ளியில்லை; 2002-ஐயும் 2008-ஐயும் பார்த்தவர்கள் நாங்கள்; கழகம் ஒருவருடையதன்று, நாளை வரும் பிள்ளைகளுக்கும் உரியது. நாம் இவ்விரு வழக்கையும் பலமுறை எண்ணிப் பார்த்தும், ஒன்றனைப் பொய்யென்று தள்ள இயலவில்லை. நன்றியும் உண்மை, அச்சமும் உண்மை. இவ்விரண்டும் வெவ்வேறு மனிதரிடத்திருந்தால் வழக்காடித் தீர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலோர்க்கு இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்ததே துன்பம்.

பிப்ரவரி 27-ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு, லிவர்ப்பூல் கழகம் லெஸ்டருக்கு வந்தது. இடையே மற்றக் கழகங்கள் ஆடிய ஆட்டங்களால் லெஸ்டர் 18-ஆம் இடத்திற்கு, அதாவது தள்ளப்படும் இடத்திற்கு, இறங்கியிருந்தது. அபிமானிகள் ரானியேரியின் முகம் எழுதிய முகமூடிகளையும், இத்தாலிய மொழியில் நன்றி எழுதிய பதாகைகளையும் தாங்கி வந்தனர். துணைப் பயிற்சியாளராயிருந்த கிரெய்க் ஷேக்ஸ்பியர் அணியை நடத்தினார். ஆட்டம் தொடங்கிய கணமுதல், சில மாதங்களாகக் கால் மரத்தவர் போல் ஓடிய அதே ஆட்டக்காரர் காற்றெனப் பாய்ந்தனர். 28-ஆம் நிமிஷத்தில் வார்டி ஒரு கோல் போட்டார்; லீக் ஆட்டத்தில் அவ்வாண்டு லெஸ்டர் போட்ட முதற் கோல் அது. பின்னர் டிரிங்க்வாட்டர் ஒன்று. மீண்டும் வார்டி ஒன்று. முடிவு 3-1.

மேடைகளில் இருந்தவர் நிலையை வாசகர் எண்ணிப் பார்க்க. ஒவ்வொரு கோலுக்கும் எழுந்து ஆர்ப்பரித்தனர். அபிமானிக்கு அஃது அடக்கவொண்ணாத செயல். ஆனால், ஒவ்வொரு கோலும், இப்பெரியவரை நீக்கியது சரியே என்று வழக்காடுவது போலிருந்தது. அதனினும் கசப்பானது, இவ்வாறு ஓடக்கூடியவர்கள் போன வாரம் ஏன் ஓடவில்லை என்னும் வினா. 65-ஆம் நிமிஷத்தில், ரானியேரியின் வயது அறுபத்தைந்தாதலால், அரங்கமெங்கும் கைப்பேசி விளக்குகளை ஏற்றி உயர்த்திப் பிடித்து அவர் பெயரைப் பாடினர். அப்பொழுது லெஸ்டர் மூன்று கோல் முன்னே நின்றது. அவர் நீங்கியதனால் வந்ததெனத் தோன்றிய வெற்றியின் நடுவிலே அவர்க்கு விளக்கேற்றினர். இதனை நிலையற்ற மனம் என்று எவ்வாறு கூறுவது?

ஆட்டக்காரர்மேல் எழுந்த ஐயம் அரங்கத்தோடு அடங்கவில்லை. சிலர் உரிமையாளரிடம் முறையிட்டு மானேஜரை வீழ்த்தினர் என்று பத்திரிகைகள் எழுதின. வார்டி அதனை மறுத்தார். எனினும், தமக்குக் கொலை மிரட்டல்கள் வந்தனவென்றும், குழந்தைகளோடு மனைவி வண்டியிற் செல்லுங்காலும் சிலர் தொல்லை செய்தனரென்றும் அவர் கூற நேர்ந்தது. அபிமானம் என்னுஞ் சொல் இத்தகையோரையும் உள்ளடக்குமாயின், அச்சொல்லை நாம் வழங்கவே கூசுகின்றோம்.

கோபம் எங்கே சென்று விழுகின்றது என்பது ஆராயத்தக்கது. நீக்குபவர் உரிமையாளர், ஆயின் அவர்மேல் கோபம் நெடுநாள் நிற்பது அரிது. அவர் தொலைவில் இருக்கின்றார், பணம் அவருடையது, லெஸ்டரிலோ, பிறந்தநாளில் அரங்கத்தார் அனைவர்க்கும் பானமும் பணியாரமும் வழங்கியவர். (2018 அக்டோபரில் அவர் அரங்கத்தின் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபொழுது, நகரம் மலர்க்குவியலால் துக்கங் காட்டியது.) 2012-ஆம் ஆண்டிற் செல்சியில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். அக்கழகத்தின் பழைய ஆட்டக்காரராகிய டி மாட்டேயோ, அவ்வாண்டு மே மாதத்தில் மியூனிக் நகரில் ஐரோப்பியக் கோப்பையை முதன்முறையாக வென்று தந்தார். நவம்பர் 21-ஆம் தேதி, டுரின் நகரில் 3-0 எனத் தோற்ற மறுநாள், நீக்கப்பட்டார். அவ்விடத்திற்கு வந்த பெனீட்டெஸ் முன்னே எதிரிக் கழகமாகிய லிவர்ப்பூலை நடத்தியவர். முதல் ஆட்டத்திலேயே செல்சி அபிமானிகள் அவரை இகழ்ந்து கூச்சலிட்டனர். டி மாட்டேயோ அணிந்த சட்டை எண் 16 ஆதலால், பதினாறாம் நிமிஷத்தில் எழுந்து கைதட்டினர். பருவமுழுதும் அவ்வழக்கம் நின்றது. பெனீட்டெஸ் மூன்றாம் இடத்தையும் யூரோப்பா லீக் கோப்பையையும் பெற்றுத் தந்தும் அவர்கள் மனம் இளகவில்லை. அங்கே கோபம் பின்வந்தவர் தலையில் விழுந்தது. 2015 டிசம்பரில் மொரீஞ்ஞோ நீக்கப்பட்டபின் நடந்த முதல் ஆட்டத்திலோ, அதே அரங்கத்தார் தம் சொந்த ஆட்டக்காரராகிய கோஸ்டாவையும் பாப்ரிகாசையும் இகழ்ந்து, துரோகிகள் என்னும் பொருளில் எலிகள் எனப் பலகை எழுதிப் பிடித்தனர். சட்டையை வெறுக்க இயலாது. கழகத்தை விட்டு வேறு கழகம் புகவும் இயலாது. ஆகவே கோபம் அருகில் நிற்கும் ஆளைத் தேடிக்கொள்கின்றது.

அபிமானிகள் எப்பொழுதும் மானேஜரின் பக்கமே நிற்பர் என்றும் கருதலாகாது. 1989-ஆம் ஆண்டின் இறுதியில், மூன்றாண்டாகச் சாக்குப்போக்கே கண்டோம், போய்வருக என்னும் கருத்துள்ள பதாகையை மான்செஸ்டர் யுனைடெட் அரங்கில் அலெக்ஸ் பெர்குசனுக்கு எதிராக உயர்த்தினர். கழகத்தார் பொறுத்தனர், அவர் 2013-இல் ஓய்வு பெறுமுன் 13 லீக் பட்டங்களை வென்றார். இதனைக் காட்டி, பொறுமையே வெல்லும் என்பாருளர். பொறுத்துப் பாழானவற்றின் கதையை எவரும் எடுத்துக்கூறுவதில்லையாதலின், இவ்வொரு சான்றின்மேல் நாம் அதிகம் கட்டவேண்டா. லெஸ்டரிலேயே, 2021-இல் இங்கிலாந்துக் கோப்பையை வென்று தந்த பிரெண்டன் ராட்ஜர்சை நீக்குமாறு இரண்டாண்டுக்குள் அபிமானிகளே கூக்குரலிட்டனர். 2023 ஏப்ரலில் அவர் நீக்கப்பட்டார். அம்முறை நீக்கம் பலிக்கவில்லை. லெஸ்டர் கீழே இறங்கியது. மறு பருவத்தில் ஏறி, 2025-இல் மீண்டும் இறங்கியது. பழைய அச்சம் வீணன்று என்பது இதனால் விளங்கும்.

2017-இல் ஷேக்ஸ்பியர் தம் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றார். லெஸ்டர் 12-ஆம் இடத்தில் முடிந்தது. சாம்பியன்ஸ் லீக்கிற் செவில்லாவையும் வென்று, இறுதி எண்மருள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் அவரும் நீக்கப்பட்டார். ஒரு பருவத்தின் பட்டத்தை ஊரார் மறந்ததில்லை. அதனைக் காத்துத் தந்த அரைப் பருவத்தை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பர் என்று சொல்லுதல் அரிது. 2024-ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

ரானியேரி பின்னர் வேறு பல கழகங்களை நடத்தினார். 2021-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் தேதி, வாட்போர்ட் கழகத்தின் மானேஜராக அவர் லெஸ்டர் அரங்கத்திற்குத் திரும்பினார். அன்று பனி விடாது பெய்துகொண்டிருந்தது. அவரைக் கண்டவுடன் லெஸ்டர் அபிமானிகள் அன்புடன் கைதட்டி வரவேற்றனர். ஆட்டத்தில் லெஸ்டர் 4-2 என வென்றது. அவற்றுள் இரண்டு கோல்களைப் போட்டவர் வார்டி. அவற்றிற்கும் அம்மக்கள் எழுந்து ஆர்ப்பரித்தனர்.